மலை உச்சியில் ஒரு கால்வாய்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்தில், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். மதுரைப் பெண். கெட்டிக்காரி.

“அங்கிள், இனிமே அரிய புத்தகங்களைக்கூட நாங்க பார்த்து கேட்டலாக் பண்ண வேண்டாமாம். டைட்டில் பேஜை போட்டோ எடுத்து அப்லோட் பண்ணினா சாஃப்ட்வேரே ரெக்கார்டு எழுதிடுது. மீட்டிங்ல நான் சொன்னா எவனும் காதுல வாங்க மாட்டேங்கிறான். நீங்க ஏதாச்சும் எழுதிக் கொடுங்க.”

ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். படித்தார்களா என்று தெரியாது. அதில் எழுத முடியாததை இங்கே, நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் எழுதுகிறேன். சாஃப்ட்வேர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது செய்யப் போகிற தப்பை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். அதைத் திருத்தவும் செய்தேன். முப்பது வருட வேலையில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வது அந்தத் திருத்தம் ஒன்றைத்தான்.

முதலில் ஒரு விஷயம். இங்கே அமெரிக்காவில், நம் வெஸ்ட் வின்ட்சரில் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும், “லைப்ரரியில புக்ஸ் அடுக்குவீங்களா அங்கிள்?” என்று கேட்கிறார்கள். அடுக்க வேறு ஆள் இருக்கிறார்கள். நான் பழைய அச்சுப் புத்தகங்களுக்கு விவரக் குறிப்பு எழுதினேன். இது என்ன புத்தகம், எங்கே, யார் அச்சடித்தது, எத்தனை தாள், எதைப் பற்றியது. உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனும் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் புத்தகத்தைத் தேடி வருவான். குறிப்பு தப்பாக இருந்தால் அவன் தேடுவது தப்பு, எழுதுவது தப்பு, அதை நம்பி இன்னொருவன் எழுதுவதும் தப்பு.

படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கோபிச்செட்டிபாளையத்தில் பள்ளி, சென்னையில் நூலகப் படிப்பு, இங்கே வந்து அதையே மறுபடியும் ஒரு தடவை. பிறகு ஹெலனிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஹெலன்தான் அரிய நூல் பிரிவில் குறிப்பு எழுதுகிறவர்களுக்குத் தலைவர். ஒல்லியான உருவம், வெட்டிய நரைமுடி, குரல் ஒருநாளும் உயராது. அவர் அறைக்குள் பேனா நுழையக் கூடாது. பென்சில் மட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குவரை துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும். சினிமாவில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பழைய புத்தகத்தைப் புரட்டுகிறார்களே, அது சுத்த முட்டாள்தனம். கையுறை போட்ட விரலுக்குத் தாளின் தடிமன் தெரியாது, ஓரம் கிழியும். புத்தகத்தைப் பஞ்சுத் தாங்கியில் வைத்து, பாதிக்கு மேல் விரிக்காமல், ஒவ்வொரு தாளாக எண்ண வேண்டும். எண்ணிய பிறகு பின்னாலிருந்து இன்னொரு முறை எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறை.

எழுதி முடித்த குறிப்பை ஒரு வெள்ளைத் தாளில் அவரிடம் கொடுப்போம். தப்பு இருந்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். என்ன தப்பு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒரே புள்ளிக்கு ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். சரியாக இருந்தாலும் நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. தாள் திரும்பி வரவில்லை என்றால் சரி என்று அர்த்தம். தாளின் அடியில் எழுதியவரின் முதலெழுத்துகள், அதன் கீழே சரிபார்த்தவர் என்று அவருடைய முதலெழுத்துகள். எல்லாத் தாள்களும் இரும்பு அலமாரியில் போய்ச் சேரும்.

அவருடைய இன்னொரு விதி: புத்தகத்தைப் படிக்கக் கூடாது. முகப்புப் பக்கம், முன்னுரை, கடைசித் தாள். அவ்வளவுதான். படிக்க உட்கார்ந்தால் வேலை நடக்காது. எங்கள் தொழிலில் எல்லா இடத்திலும் இதே விதிதான்.

அந்த விதிப்படிதான் சேர்ந்த முதல் வருடம் அந்தக் குட்டிப் புத்தகத்துக்குக் குறிப்பு எழுதினேன். உள்ளங்கை அளவு, முந்நூறு வருடத்துக்கும் மேல் பழையது. லண்டனில் அச்சடித்தது. ஆசிரியர் பெயர் இல்லை. இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் மலைநாடு வேல்ஸ். அங்கே மூன்று வாரம் குதிரையில் சுற்றி, அந்த ஜனங்களின் பழக்கவழக்கங்களைத் தன் கண்ணாலேயே பார்த்து எழுதியதாக முகப்புப் பக்கம் சத்தியம் செய்தது. நான் நம்பினேன். பொருள்: வேல்ஸ், பயணம். குறிப்பு: நேரில் கண்டவர் எழுதிய விவரம். ஹெலன் புள்ளி வைக்கவில்லை. அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டேன்.

ஆறு வருடம் கழித்து பிராட்லி என்ற கண்காட்சி அதிகாரி, பழைய காலப் பயணிகள் நேரில் கண்டு எழுதியவற்றை வைத்து ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தான். கேட்டலாகில் ‘நேரில் கண்டவர்’ என்று தேடினான். என் குறிப்பு வந்து விழுந்தது. புத்தகம் நடுக் கண்ணாடிப் பெட்டிக்குத் தேர்வாகிவிட்டது. அதன் மேலே சுவரில் மாட்ட ஒரு பெரிய பலகை. வேல்ஸ் மக்கள் ஆட்டோடு ஒரே படுக்கையில் தூங்கினார்கள், செத்தவன் கையில் ஒரு துண்டு சீஸ் வைத்துப் புதைத்தார்கள், விருந்தாளி பசியில் மயங்கி விழுந்தாலும் தங்கள் இருபது தலைமுறைப் பெயர்களை ஒப்பித்து முடித்த பிறகுதான் சாப்பாடு போட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. தொடக்க விழாவில் பாடுவதற்குப் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வேல்ஸ் தேவாலயப் பாடகர் குழுவையும் அழைத்திருந்தான். அந்த ஜனங்களையே கூட்டிவந்து அந்தப் பலகைக்கு அடியில் நிறுத்திப் பாட வைக்கப் போகிறான். அது அவனுக்கு உறைக்கவே இல்லை.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால், குழுவின் தலைவி மிஸஸ் ப்ரோபர்ட் புத்தகத்தைப் பார்க்க வந்தார். எழுபது வயதிருக்கும். கல் குவாரியில் வேலை செய்ய வேல்ஸிலிருந்து வந்து இறங்கிய குடும்பம். அன்றைக்குப் படிப்பறையில் மேற்பார்வை என் முறை. தாங்கியில் புத்தகத்தை வைத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். படிப்பறையில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

“என்ன மேடம்?”

“இந்த ஆள் எங்க நாட்டுக்கு வரவே இல்லைப்பா.”

“எப்படிச் சொல்றீங்க?”

“மூணு வாரம் சுத்தியிருக்கான். ஒரு பொட்டு மழை பெய்யலை. வேல்ஸ்ல மூணு மணி நேரம் மழை இல்லாம இருந்தாலே எங்க ஜனங்க வானத்தை நிமிர்ந்து பார்ப்பாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்லாத்தான் கிண்டல் பண்ணியிருக்கான், படவா.”

“உங்களுக்குக் கோபம் வரலையா?”

“கிண்டலுக்கா? இங்கிலீஷ்காரங்களைப் பத்தி எங்க அப்பா சொன்னதை நீங்க கேட்டிருக்கணும். இதெல்லாம் பச்சைத் தண்ணி.”

பிறகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிராட்லி அனுப்பியிருந்த பலகை வாசகம். அதைப் படிக்கும்போது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

“இது கிண்டல் இல்லை. இதெல்லாம் நடந்ததுன்னு இதுல போட்டிருக்கு. யார் சொன்னது?”

“கேட்டலாக்ல அப்படி இருக்கு, மேடம்.”

“கேட்டலாக்னா யாரு? அது ஒரு ஆளா?”

அவர் போன பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். அடியில் என் முதலெழுத்துகள். ஆமாம், அது ஒரு ஆள்தான்.

எனக்கு ஏன் அப்படிச் சுருக்கென்று தைத்தது என்றால் காரணம் இருக்கிறது. சென்னை ஹாஸ்டலில் என் பேச்சைப் பிடித்து “ஏனுங்க, வாங்க, போங்க” என்று இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவார்கள். அதற்கு நான் கவலைப்பட்டதில்லை, பதிலுக்கு அவர்கள் பேச்சை நானும் பேசிக் காட்டினேன். ஆனால் ஒருநாள் ஒரு பேராசிரியர் பாடம் நடத்தும்போது எங்கள் ஊர்ப் பக்கத்தைச் சொல்லி, “அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எதுவும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒருத்தன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் என்று கை பரபரத்தது. கிழிக்கவில்லை. இப்போது நோட்டில் எழுதியவன் நானே.

தப்பு என்னுடையது என்று ஹெலனிடம் சொல்லித் தொலைத்துவிட்டு வேலையைப் பார்ப்பதற்கு ஒரே ஒரு தடங்கல். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். விசாவுக்கு அதுதான் கடைசி நீட்டிப்பு. வக்கீல் ஹெலனிடமிருந்து ஒரு கடிதம் கேட்டிருந்தார். வாசகத்தை வக்கீலே எழுதிக் கொடுத்திருந்தார்: ‘இவருடைய பதிவுகளில் பிழை இருப்பதில்லை.’ அது ஹெலனின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கடிதம் கெட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் நாலாம் வகுப்பு. என் மனைவி கோமதி, ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள், இங்கே வேலை செய்ய அனுமதி இல்லாமல் ஆறு வருடமாக வீட்டிலேயே இருந்தாள்.

கோமதியிடம் சொன்னேன்.

“ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“தப்பு என்னோடது.”

“இருக்கட்டுமுங்க. கடுதாசி கைக்கு வரட்டும், அப்பறம் போயிச் சொல்லிக்கலாம். ஓடியா போகுது உங்க புஸ்தகம்?”

“அதுக்குள்ள விழா முடிஞ்சிரும். அவங்களைக் கூட்டியாந்து அந்தப் பலகைக்கு முன்னால பாட வெப்பான்.”

“அவங்க யாருங்க நமக்கு? மாமனா, மச்சானா?”

எதிர் வீட்டுச் சேகர் அன்றைக்கு வீட்டில் இருந்தான். சென்னைக்காரன், சாஃப்ட்வேர். அவனும் தன் பங்குக்குச் சொன்னான்: “பழனி சார், ஓடிட்டு இருக்கிற புரோகிராம்ல ஒரு பக், அதான் தப்பு, இருக்கு, யாரும் கண்டுபுடிக்கல. சைலண்ட்டா ஃபிக்ஸ் பண்ணிட்டுப் போய்ட்டே இருக்கணும். நானே போட்ட பக்னு மெயிலா அனுப்புவாங்க?”

இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். அன்றைக்கு இரண்டு பேரிடமும் கத்தினேன். கோமதி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் ஹெலனிடம் ‘மழை பெய்யவில்லை’ என்று போய் நிற்க முடியாது. சான்று வேண்டும். விதியை மீறி முதல் முறையாக அந்தப் புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். மதிய உணவு நேரத்தில், நான்கு நாள். முகப்புப் பக்கத்தில் பூக்கூடைப் படம் ஒன்று அச்சாகியிருந்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படம். அதில் இடப்பக்க மூலை உடைந்திருந்தது. அந்த உடைந்த மூலையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மூளை சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரே அச்சகத்தில் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். தேடினேன். மூன்றாவது நாள் கிடைத்தது. அதே கூடை, அதே உடைந்த மூலை. வேல்ஸ் புத்தகத்துக்குச் சில வருடம் முன்னால் அதே அச்சகத்திலிருந்து வந்த, ஹாலந்துக்காரர்களைக் கேலி செய்யும் ஒரு கற்பனைப் பயணம்.

இரண்டையும் இரண்டு தாங்கிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வரிக்கு வரி ஒன்றுதான். டச்சுக்காரன் என்று இருந்த இடத்தில் வேல்ஸ்காரன். வெண்ணெய் இருந்த இடத்தில் சீஸ். மாடு இருந்த இடத்தில் ஆடு. மாட்டோடு படுத்தது டச்சுக்காரன், செத்தவன் கையில் வெண்ணெய் வைத்ததும் டச்சுக்காரன். பெயரை மாற்றி மறுபடியும் விற்றிருக்கிறார்கள், அயோக்கியர்கள்.

எழுதியவன் கடைசியில் அவசரப்பட்டிருக்கிறான். வேல்ஸ் புத்தகத்தில் ஓர் இடம். பயணி குதிரையை விட்டு இறங்கி, நாள் முழுக்க மூச்சு வாங்க ஏறி, ஆடு மட்டுமே நிற்கக்கூடிய ஒரு மலை உச்சிக் கிராமத்தை அடைகிறான். அடுத்த நாள் காலையில் அந்தக் கிராமத்து ஜனங்கள் எல்லாரும் கால்வாயில் படகேறித் தேவாலயத்துக்குப் போகிறார்கள். மலை உச்சியில் கால்வாய்! ஊரெல்லாம் கால்வாயாக இருக்கும் ஹாலந்தை மாற்ற மறந்துவிட்டான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹெலன் திரும்பிப் பார்த்தார்.

அன்று மாலையே இரண்டு புத்தகங்களையும், ஒப்பிட்டு எழுதிய தாள்களையும் அவர் மேசையில் வைத்தேன். வக்கீலின் கடிதம் அங்கேதான் கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, கையைக் கழுவிவந்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். நான் நின்றுகொண்டே இருந்தேன். கால்வாய்ப் பக்கம் வந்தபோது உதட்டோரம் லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

“பழைய ரெக்கார்டு யாரோடது?”

“என்னோடது.”

“ஷீட்?”

கொடுத்தேன். அந்தப் பழைய குறிப்புத் தாளின் அடியில் என் முதலெழுத்துகளைப் பார்த்தார். அதற்குக் கீழே தன்னுடையதையும் பார்த்தார். பென்சிலை எடுத்து, தன் எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு என்னுடையதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

“புதுசா எழுது,” என்றார்.

எழுதினேன். கேலிக்காக எழுதிய கற்பனைப் பயணம், ஹாலந்து பற்றிய முந்தைய கேலி நூலில் பெயர்களை மாற்றி வெளியிட்டது. அதற்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு வரியும் சேர்த்தேன்: ‘நேரில் கண்டவர் எழுதியதாக இந்நூலகம் முன்பு பதிவு செய்திருந்தது பிழை.’ அந்தத் தாள் திரும்பி வரவில்லை.

மறுநாள் பிராட்லி வந்தான். முகம் சிவந்திருந்தது.

“பலகை பிரிண்ட் ஆகி வந்தாச்சு பழனி. நீங்க கேட்டலாகை மாத்திக்கோங்க, நான் தடுக்கலை. பலகையை யார் போய்ச் சரிபார்க்கப் போறாங்க?”

“பாட வர்றவங்க பார்ப்பாங்க.”

“அவங்க ஒண்ணும் சொல்லலையே!”

“நீ கூப்பிட்டியேன்னு மரியாதைக்கு வாயை மூடிட்டு இருக்காங்க. நான் எழுதின பொய்யை நீ ஆளுயரத்துக்கு எழுதி மாட்டப் போற. எங்க ஊரைப் பத்தி ஒருத்தன் இப்படி மாட்டியிருந்தா நான் கண்ணாடியையே உடைச்சிருப்பேன்.”

சத்தம் போட்டுத்தான் பேசினேன். அவன் ஹெலனைப் பார்த்தான், என்னை அடக்குவார் என்று. ஹெலன் எப்போதும் பேசும் குரலிலேயே சொன்னார்:

“பலகை மாறினால் புத்தகம் வரும். மாறாவிட்டால் என் அலமாரியிலேயே இருக்கும்.”

பலகை மாறியது. இரண்டு புத்தகங்களும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் கால்வாய், இன்னொன்றிலும் அதே கால்வாய். விழாவில் மிஸஸ் ப்ரோபர்ட்டின் குழு இரண்டு பாட்டுப் பாடியது. பிறகு யாரும் கேட்காமலே அந்த அம்மாள் முன்னால் வந்து, சீஸைப் பிடித்துக்கொண்டு செத்தவனின் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருடைய குழுதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது. சிரிக்க வைக்கத்தான் அதை எழுதினான்; அந்தப் புத்தகம் அன்றைக்குத்தான் எழுதியவன் நினைத்தபடி இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஹெலன் கடிதத்தைக் கொடுத்தார். வக்கீல் எழுதிய வாசகம் அதில் இல்லை. அதற்குப் பதிலாக இப்படி இருந்தது: ‘இவருடைய பதிவில் ஒரு முறை பெரிய பிழை நேர்ந்ததை நான் அறிவேன். நான் சரிபார்த்தபோது அது என் கண்ணில் படவில்லை. அதைக் கண்டுபிடித்து, சான்றோடு என் மேசைக்குக் கொண்டுவந்தவர் இவர். அந்த நேரத்தில் அது தனக்கே பாதகமாக முடியலாம் என்பது இவருக்குத் தெரியும்.’

வக்கீல் போனில் துள்ளினார். “சார், இதை எவனாவது இமிக்ரேஷனுக்கு அனுப்புவானா? கன்ஃபெஷன் மாதிரி இருக்கு! அந்தப் பாராவை எடுக்கச் சொல்லுங்க, ப்ளீஸ்.”

ஹெலனிடம் சொன்னேன். “எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன்,” என்றார். “ஆனால் முடிவு உன்னுடையது. யோசித்துச் சொல்.”

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கோமதியிடம் கொடுத்தேன். வக்கீல் சொன்னதையும் சொன்னேன். போனாலும் இருந்தாலும் அவளுக்கும் சேர்த்துத்தான், அவளும் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நினைத்தேன். சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்து, நிதானமாகப் படித்தாள். முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

“இந்த அம்மா உங்களைப் பத்தி எழுதினதுல பொய்யி ஒண்ணுகூட இல்லீங்களே,” என்றாள்.

“இல்லை. வக்கீல் அந்தப் பாராவை…”

“வக்கீலு கெடக்கறான். உங்களைய இத்தனை வருசமா எனக்குத் தெரியும், நான் எழுதியிருந்தாலும் இதத்தான் எழுதியிருப்பேன். அப்படியே அனுப்புங்க.”

அப்படியே அனுப்பினோம். ஒரு வருடம் காத்திருந்தோம். கார்டு வந்தது. அடுத்த செப்டம்பரில் கோமதி இங்கே ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். வக்கீல்தான் அந்தப் பாராவைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.